கரிகாலன் கொலை வழக்கும் ஆயிரம் துப்பறிவாளர்களும்

முன்குறிப்பு: 'பொன்னியின் செல்வன்' இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு வரவும். அவசரமே இல்லை. கொலை நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளும் :-)

பெருங்குடிப் பக்கம் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவுக்குள் நாலு கல்லூரிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால், பேச்சு கிரிக்கெட்டில் ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மணிரத்னத்தின் படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக வந்து போனதிலிருந்து, அது அடிக்கடி கடம்பூர் மாளிகையில் போய் முடிகிறது.

"நந்தினிதான்டா கொன்னா."

"போடா, பழுவேட்டரையர் எறிஞ்ச கத்திதான். புக்குல அப்படித்தான் இருக்கு."

"ரெண்டு பேரும் இல்ல. நிஜத்துல கொன்னது ராஜராஜன் ஆளுங்க. எங்க மாமா சொன்னாரு, கல்வெட்டே இருக்காம்."

இந்த மூன்றாவது ஆளிடம்தான் பிரச்சினை. முதல் இரண்டு பேரும் ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்றாவது ஆள், தனக்கே தெரியாமல், நாவலிலிருந்து எழுந்து போய் வரலாற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் இருக்கிற மற்றவர்களும் அதைக் கவனிக்கவில்லை. துரைப்பாக்கம் வந்து இறங்குவதற்குள் ராஜராஜ சோழன் மேல் ஒரு கொலைக் குற்றம் விழுந்து, அது பாதி உறுதியும் ஆகிவிடுகிறது.

கதைக்குள் ஒளிந்திருக்கும் முன்கதையைத் தேடுவது தப்பா? இல்லவே இல்லை. வாசிப்பில் அதைவிட சந்தோஷமான விளையாட்டு வேறு கிடையாது. ஆனால் இந்த ஒரு கதையில் மட்டும் அந்த விளையாட்டுக்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் அடிபடுகிறவர்கள் கதாபாத்திரங்கள் இல்லை, நிஜ மனிதர்கள்.

கல்கி அணைத்த விளக்கு

'கல்கி' பத்திரிகையில் 1950 அக்டோபர் 29-ஆம் தேதி தொடங்கி 1954 வரை ஓடிய தொடர்கதை இது. மணியம் படம் வரைந்தார். வாரா வாரம் பத்திரிகை வரும்வரை அடுத்து என்ன என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்ததாகத் தாத்தா பாட்டிகள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படிப்பட்ட வாசகர்களை வைத்துக்கொண்டு, கதையின் மையமான கொலையைக் கல்கி எப்படி எழுதினார்? விளக்கை அணைத்துவிட்டார்!

கடம்பூர் சம்புவரையர் மாளிகை. உள்ளே நந்தினி, கரிகாலன். மறைந்திருக்கும் வந்தியத்தேவன். வேடமிட்டு வந்திருக்கும் பெரிய பழுவேட்டரையர். மணிமேகலை. அக்கம்பக்கத்தில் ரவிதாஸன் கூட்டம். வெளிச்சம் போகிறது. மறுபடி பார்க்கும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து அவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். பின்னால் பெரிய பழுவேட்டரையர், தன் கையால் எறிந்த கத்தியே காரணம் என்று ஒப்புக்கொள்கிறார். அதற்கு முன்பே மணிமேகலையும் தானே கொன்றதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு கொலை, இரண்டு வாக்குமூலம், ஒரு கைதி. எப்படிப்பட்ட வழக்கு பாருங்கள்.

நந்தினியின் பிறப்பு விஷயமும் இப்படித்தான். அவளுடைய தந்தை யார் என்பதை ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு விதமாக நம்புகிறது. சுந்தர சோழர் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வீரபாண்டியன் பக்கம் கைகாட்டுகிறவர்கள் உண்டு. வீரபாண்டியன் அவளுக்குத் தகப்பனா காதலனா என்பதிலேயே வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுபது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். ஊமை ராணி மந்தாகினியால் பேச முடியாது. உண்மை தெரிந்த ஒரே ஆளுக்கு வாய் இல்லாமல் செய்தது கல்கியின் அக்மார்க் குறும்பு.

இந்த இடைவெளிகளை வாசகர்கள் நிரப்பிப் பார்ப்பது நியாயம்தான். அதற்காகத்தான் அவர் அவற்றை விட்டார். மணிமேகலை சொன்னது உண்மை என்று வாதாடலாம். பழுவேட்டரையர் யாரையோ காப்பாற்றப் பொய் சொன்னார் என்று சத்தியம் செய்யலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

மற்ற ஊர்க் கதைகளில் நடப்பது

ஹாரி பாட்டர் ஆறாவது புத்தகம் 2005-இல் வந்தபோது, கடைசியில் ஒரு சீட்டில் 'ஆர்.ஏ.பி.' என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தது. அது யார் என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டது. ரெகுலஸ் பிளாக் என்று பல வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். 2007-இல் ஏழாவது புத்தகம் வந்தது. அவர்கள் சொன்னதே சரி. வாசகர்களுக்கு நூற்றுக்கு நூறு.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இன்னும் பெரிய உதாரணம். ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்ற ஊகம், முதல் புத்தகம் 1996-இல் வந்த கையோடு வாசகர்கள் நடுவே பிறந்துவிட்டது. தொலைக்காட்சித் தொடர் 2016-இல் அதை உறுதிசெய்தபோது, இருபது வருஷமாகக் காத்திருந்தவர்கள் ஆடித் தீர்த்தார்கள். நம் பக்கம் 2015-லிருந்து 2017 வரை நாடு முழுக்கக் கேட்ட "கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான்?" ஞாபகம் இருக்கும். அடுத்த பாகம் வந்தது, பதில் கிடைத்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. விடைத்தாள் திருத்த ஒரு ஆசிரியர் இருக்கிறார். எத்தனை கோணலான ஊகமாக இருந்தாலும், ஒருநாள் அவர் வந்து 'சரி' அல்லது 'தப்பு' போட்டுவிடுவார். அதோடு ஆட்டம் முடியும்.

பொன்னியின் செல்வனுக்கு அந்த வசதி இல்லை. தொடர் முடிந்த அதே 1954-இல், டிசம்பர் 5-ஆம் தேதி, கல்கி காலமாகிவிட்டார். கதை சட்டென்று முடிந்துவிட்டதே என்று குறைப்பட்ட வாசகர்களுக்காக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ஓரளவு சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் திறந்து வைத்துவிட்டுப் போன கதவுகள் மட்டும் இனி மூடாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. ஜான் ஸ்னோவுக்கு வின்டர்ஃபெல் கோட்டையில் கல்வெட்டு கிடையாது. ஆதித்த கரிகாலனுக்கு உடையார்குடியில் இருக்கிறது.

கல்லில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

நாவலின் முதல் அத்தியாயம் நினைவிருக்கிறதா? ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீராணம் ஏரிக்கரை, குதிரையில் வந்தியத்தேவன். சென்னைக்கு 2004 முதல் குழாய் வழியாகத் தண்ணீர் தரும் அதே வீராணம்தான். அந்த ஏரிக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில். அதன் ஒரு பகுதி உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவரில்தான், நாவலின் மையக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் அத்தியாயத்துக் குதிரையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் வந்தியத்தேவன் அந்த ஊருக்கே போயிருப்பான். கல்வெட்டு வெட்டப்பட்டது பிற்பாடு என்பது வேறு விஷயம்.

கல்வெட்டு சொல்வது இதுதான். ராஜகேசரி ஒருவரின் இரண்டாவது ஆட்சியாண்டு. அவர் முதலாம் ராஜராஜன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ராஜராஜன் பட்டமேறியது 985. ஆகவே 987-ஐ ஒட்டிய காலம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசனின் ஆணை வருகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரன் என்ற இருமுடிசோழப் பிரமாதிராசன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய சொத்தும் உறவினர்களுடைய சொத்தும் பறிமுதல் செய்யப்பட்ட விவரம் வருகிறது. பிறகு அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி, கோயிலில் சோறிடும் தர்மத்துக்கு எழுதிவைத்த விவரம் வருகிறது. உண்மையில் கல்லை வெட்டியதே அந்த தர்மத்தைப் பதிவுசெய்யத்தான்.

இல்லாதது என்ன? எங்கே கொன்றார்கள் என்பது இல்லை. எப்படி என்பது இல்லை. ஏன் என்பது இல்லை. அவர்கள் பின்னால் யாராவது இருந்தார்களா என்பது இல்லை. கடம்பூரும் இல்லை, நந்தினியும் இல்லை. நந்தினி கல்கியின் கற்பனை. எந்தக் கல்லிலும் செப்பேட்டிலும் அவள் கிடையாது. ஒரு நில விற்பனைப் பத்திரத்தின் நடுவில் போகிற போக்கில் வந்த ஒரு கொலைச் செய்தி, அவ்வளவுதான். அந்த ஒற்றைச் செய்தியின் மேல்தான் இத்தனை மாடிக் கட்டடம் எழும்பி நிற்கிறது.

குற்றவாளிக் கூண்டில் யார் யார்?

பெருங்குடியில் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சாட்சியச் சட்டம் படிக்கிற எந்தப் பிள்ளையும் ஒரு விஷயம் சொல்லும். நேரடி சாட்சி இல்லாத வழக்கில், சந்தர்ப்ப சாட்சியங்கள் ஒரு சங்கிலி மாதிரி இருக்க வேண்டும், ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது, வேறு விதமாக நடந்திருக்கலாம் என்பதற்கே இடம் இருக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1984-இல் சரத் சார்தா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவைத்தது. அந்தத் தராசில் பிரபலமான ஊகங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

முதல் சந்தேகம்: பாண்டிய நாட்டுப் பழிவாங்கல். கல்கி எடுத்துக்கொண்ட வழி. காரணம் வலுவானதுதான். 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பதையே பட்டமாகப் போட்டுக்கொண்டவன் ஆதித்த கரிகாலன். ரவிதாசனுக்கு 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆகவே இவன் பாண்டியனின் ஆள் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்தவன் பட்டத்தைப் பாருங்கள். இருமுடிசோழப் பிரமாதிராசன்! அதில் சோழனே இருக்கிறான். பிரமாதிராசன் என்பதும் சோழ அரசர்கள் தங்கள் அந்தண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். போதாக்குறைக்கு ராஜராஜனின் மனைவியரில் ஒருவர் பெயரே பஞ்சவன்மாதேவி. பட்டத்தை வைத்துக் கட்சி சொல்வதென்றால் அவரையும் பாண்டிய ஒற்றர் என்று சொல்ல வேண்டியதுதான்.

இரண்டாவது சந்தேகம்: உத்தம சோழன். இதை ஆரம்பித்து வைத்தவர் ஒன்றும் லேசுப்பட்டவர் அல்ல. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியே 1935-இல் வந்த 'சோழர்கள்' நூலில் உத்தமன் மேல் சந்தேகத்தை வைத்தார். இளவரசன் இறந்தபின் அரியணை ஏறியவன் உத்தமன். அவன் ஆட்சி 985 வரை நடந்தது. கொலையாளிகள் மேல் நடவடிக்கை பற்றித் தெரியவருவதோ அவனுக்குப் பிறகு, ராஜராஜன் காலத்தில். திருவாலங்காட்டுச் செப்பேட்டிலோ, சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருண்மொழி ஒதுங்கியதாக வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் உத்தமன் முகத்தில் கறை தெரியத்தான் செய்யும்.

தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். அண்ணனைக் கொன்றவன் குடும்பத்தோடு ஒருவன் எப்படி நடந்துகொள்வான்? ராஜராஜன் நடந்துகொண்டது இப்படி: உத்தமனின் தாய் செம்பியன் மாதேவிக்குக் கடைசிவரை பெரும் மரியாதை. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் ஆட்சியிலேயே கோயில் காரியங்களைக் கவனிக்கும் உயர் அதிகாரி. ராஜராஜன் தன் சொந்த மகனுக்கு வைத்த பெயர் மதுராந்தகன். பிற்பாடு ராஜேந்திரன் ஆனானே, அவன்தான். அண்ணனைக் கொன்றவனின் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு யாராவது வைப்பார்களா?

அந்தத் தாமதம்? குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற ஆய்வாளர்கள் கல்வெட்டை மறுபடி வாசித்துச் சொன்ன விஷயம் இங்கே முக்கியம். இந்தக் கல் பதிவுசெய்வது நில விற்பனையையும் தர்மத்தையும். அதற்கு முன்பே, உத்தமன் காலத்திலேயே நடவடிக்கை ஆரம்பித்திருக்கக் கூடாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஒரு வாதத்தில் தாமதம் என்ற கண்ணி அறுந்துபோகிறது. சந்தேகத்தின் பலன் உத்தமனுக்கு.

மூன்றாவது சந்தேகம்: ராஜராஜனும் குந்தவையும். ஷேர் ஆட்டோ மாமா சொன்ன கட்சி. இதற்கு ஆதாரம் என்று சொல்லப்படுவது ஒன்றே ஒன்று. கடைசியில் லாபம் அடைந்தது யார் என்ற கேள்வி. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' நாவல் குந்தவையின் பக்கமே சந்தேகத்தைத் திருப்பிப் பார்த்தது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதைப் படித்துவிட்டு "உண்மை வெளியே வந்துவிட்டது" என்று கிளம்புகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். அரியணைக்காக அண்ணனைக் கொல்கிற தம்பி, அந்த அரியணையில் இன்னொருத்தரை உட்கார வைத்துவிட்டுப் பதினைந்து வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? கூலிக்குக் கொலை செய்தவனே அவ்வளவு நாள் காசுக்குக் காத்திருக்க மாட்டான்.

அப்படியானால் கொன்றது யார்? கல்லில் பெயருள்ளவர்கள் என்பது சோழ அரசின் முடிவு. அவர்கள் ஏன் செய்தார்கள் என்பதற்கு இன்றைய தேதிவரை விடை கிடையாது. இதைச் சொல்ல எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள்! அந்தச் சப்பென்ற விடையைச் சகித்துக்கொள்ள முடியாமல்தான் பாதி ஊகங்கள் பிறக்கின்றன.

கல்கியே ஒரு துப்பறிவாளர்தான்

ஊகம் செய்கிறவர்களைத் திட்டுவதற்காக இதெல்லாம் சொல்லப்படவில்லை. உண்மையைச் சொன்னால், பொன்னியின் செல்வன் என்ற நாவலே ஒரு மாபெரும் ஊகம்தான்.

உத்தம சோழன் விஷயத்தில் இருந்த முரண்பாட்டைப் பாருங்கள். ஒரு பக்கம், செப்பேடு அவனை நாட்டின் மேல் ஆசை கொண்டவனாகக் காட்டுகிறது. மறு பக்கம், ராஜராஜன் அவன் குடும்பத்துக்குக் காட்டிய மரியாதை அவனை நல்லவனாகக் காட்டுகிறது. ஒரே ஆள் எப்படி இரண்டாகவும் இருக்க முடியும்? கல்கி கண்டுபிடித்த விடை: ஆளே இரண்டு! பேராசை கொண்ட மதுராந்தகன் குழந்தையிலேயே மாறிப்போனவன். நிஜமான மதுராந்தகன், பூமாலை கட்டிக்கொண்டு சிவனே என்று இருந்த சேந்தன் அமுதன். இரண்டு ஆதாரங்களில் எதையும் தள்ளாமல் இரண்டையும் காப்பாற்றிவிட்டார். இதைவிடச் சாமர்த்தியமான ஊகத்தை எந்த நாட்டு ரசிகன் செய்திருக்கிறான்?

வந்தியத்தேவனும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வரும் பெயர். அந்த ஒரு பெயருக்குக் குதிரையும் குறும்பும் பசியும் கொடுத்து, ஐந்து பாகம் ஓட வைத்தார். தொண்டை மண்டலத்தில், உத்திரமேரூர் முதலான ஊர்களில், பார்த்திவேந்திரவர்மன் என்ற ஒருவனின் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. அவனும் வீரபாண்டியன் தலைகொண்டவன் என்கிறான். அவனும் ஆதித்த கரிகாலனும் ஒரே ஆள் என்று சில ஆய்வாளர்கள் ஊகித்தார்கள், வேறு ஆள் என்று சிலர் மறுத்தார்கள். கல்கி நாவலில் அவனைக் கரிகாலனின் நண்பன் பார்த்திபேந்திரப் பல்லவனாக ஆக்கி, மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பெருங்குடியிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய அதே மாமல்லபுரம்.

அவர் செய்தது நாவல். அட்டையிலேயே 'நாவல்' என்று போட்டுக்கொண்டு வந்த ஊகம். அவருக்குப் பின்னால் விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' என்று கதையைத் தொடர்ந்தவர்களும் நாவல் என்றே சொல்லி எழுதினார்கள். ஊகத்துக்கு ஊகம் என்று பெயர் போட்டுவிட்டால் சண்டையே இல்லை. 'உண்மை வரலாறு', 'மறைக்கப்பட்ட ரகசியம்', 'அதிர்ச்சித் தகவல்' என்று வேறு லேபிள் ஒட்டி விற்கும்போதுதான் அது கலப்படம் ஆகிறது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களைப் பற்றி எதையாவது பேசிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு விஷயம் குறையும்.

ஒன்று, கல்வெட்டில் இருக்கும் 'பிரமாதிராசன்' என்ற சொல். அதை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் மேலேயே கொலைப் பழி போடுகிறது. இன்னொரு கூட்டம் அதற்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, உத்தமனையோ ராஜராஜனையோ குந்தவையையோ மாட்டிவிடுகிறது. இரண்டு தரப்புக்கும் கரிகாலன் மேல் அக்கறை கிடையாது. அவரவர் இன்றைய சண்டைக்கு ஒரு பழைய பிணம் தேவைப்படுகிறது. கல்லில் இருப்பது சில தனி மனிதர்களின் பெயர். அவர்களைப் போலவே பிரமாதிராசன் பட்டம் வாங்கிய அநிருத்தப் பிரமராயர் அதே சுந்தர சோழரின் அமைச்சராக இருந்து அரசைக் காத்தவர். பட்டத்தை வைத்துப் பழியும் போட முடியாது, பாராட்டும் தர முடியாது.

இரண்டு, படித்தவர்கள்கூட நந்தினியை வரலாற்றுப் பாத்திரம் என்று நினைத்துவிட்டார்கள். படம் வந்தபின் அது இன்னும் அதிகமாயிற்று. இல்லாத ஒரு பெண் கொலைகாரி ஆகிவிட்டாள். அதே சமயம், உண்மையில் இருந்த செம்பியன் மாதேவி, செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிக் கட்டிய அந்த அம்மையார், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வெறும் 'மதுராந்தகனின் அம்மா'. பொய்யான ரகசியத்தைத் துரத்துகிறவன் காலடியில் கிடக்கும் நிஜத்தை மிதித்துக்கொண்டு போகிறான்.

இதற்கு மருந்து ஊகத்தைத் தடை செய்வது அல்ல. மூன்றே மூன்று கேள்வி போதும். இது நாவலைப் பற்றிய ஊகமா, வரலாற்றைப் பற்றியதா? இதற்கு ஆதரவாக எந்தக் கல், எந்தச் செப்பேடு? எந்த ஆதாரம் கிடைத்தால் இந்த ஊகம் தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் பேச்சு கொடுக்காமல் டீ குடிக்கப் போய்விடுவது உத்தமம்.

கடைசியாக, கல்லின் ஒரு மூலை

உடையார்குடிக் கல்வெட்டில் பலரும் தாண்டிப் போகிற ஒரு பகுதி உண்டு. கொலையாளிகளின் பெயர்களுக்குப் பிறகு, உறவுமுறைகள் ஒவ்வொன்றாக நீள்கின்றன. உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமன்மார் என்று போய்க்கொண்டே இருக்கும் பட்டியல். இவர்கள் எல்லாருடைய சொத்தும் போயிற்று. இவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கொலையைப் பற்றி ஒரு வார்த்தையாவது தெரிந்திருக்கும்? தங்கை வீட்டுக்காரன் செய்த காரியத்துக்கு நிலத்தை இழந்த ஏதோ ஒரு மாமன், அன்றைக்கு ராத்திரி வீராணத்துக் கரையில் உட்கார்ந்து என்ன யோசித்திருப்பான்?

அதைப் பற்றி எந்த ரசிகரும் ஒரு ஊகமும் செய்ததில்லை. அவனுக்கு வாள் கிடையாது, அரியணை கிடையாது, ரகசியப் பிறப்பு கிடையாது. ஆனால் அந்த வழக்கில், உறவு என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் கல்லில் வெட்டிய உண்மை.

ஒருவன் செய்ததற்கு உறவு முழுவதையும் கூண்டில் ஏற்றுகிற பழக்கம் 987-இல் அரசனுக்கு இருந்தது. அப்போதைய நியாயம் அப்படி. இன்றைக்கு அதே கல்லைக் காட்டி, ஒரு சாதியையோ ஒரு குடும்பத்தையோ மறுபடி கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

கடம்பூர் மாளிகையின் விளக்கு அணைந்தே இருக்கட்டும். அந்த இருட்டில் யார் வேண்டுமானாலும் கத்தி எறிந்து விளையாடலாம். அது கல்கி கட்டிக்கொடுத்த மைதானம். உடையார்குடிக்குப் போகும்போது மட்டும் கத்தியை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.